கண் அழுத்த நோயும் அதைக் கண்டறியும் வித்தையும்

கண்ணில் புரை விழுந்தவர் தாமாகவே வைத்தியரைத் தேடிச் செல்கிறார். எழுத்து மங்குகிறது, எதிரே வருபவரின் முகம் தெரியவில்லை, இரவில் வண்டி விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று தம் குறையைத் தாமே எடுத்துரைக்கிறார். மங்கிய வில்லையை அகற்றி வேறொன்றைப் பொருத்தியதும், இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. கண் சிவந்து பூளை தள்ளுகிற ‘மெட்ராஸ் ஐ’ ஆனாலும், கிட்டப்பார்வை தூரப்பார்வைக் கோளாறுகள் ஆனாலும், நோய் இருப்பதை முதலில் அறிபவர் நோயாளியே; வைத்தியர் அதற்குப் பெயர் சொல்லிச் சிகிச்சை செய்பவர். இந்தப் பொது முறைமைக்கு முற்றிலும் புறம்பாக, வலியின்றி, சிவப்பின்றி, எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூட ஒருவர் தடையின்றி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிற ரோகம் ஒன்று உண்டு. கிளாக்கோமா என்றும், நம் ஆஸ்பத்திரிகளில் கண் அழுத்த நோய் என்றும் வழங்குவது அதுவே. உலகில் மீளாத பார்வையிழப்புக்குக் காரணமான நோய்களில் இது தலையாயது. இந்நோயைப் பொறுத்தமட்டில், “எனக்கு நன்றாகத் தெரிகிறது, ஒரு குறையும் இல்லை” என்று ஒருவர் சொல்லும் சொல்லைச் சாட்சியாக ஏற்க இயலாது என்பதையே இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புகிறேன்.

கண்ணின் முன்பகுதியில், கருவிழிக்கும் வில்லைக்கும் இடையே, தெளிந்த நீர் ஒன்று எந்நேரமும் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. அழும்போது வெளியே வழிகிற கண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வில்லையைச் சுற்றியுள்ள தசை வளையத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வீதம், அதாவது ஒரு சொட்டு சேர்வதற்குக் கால் மணிக்கும் மேலாகிற அத்தனை மெதுவாகச் சுரந்து, கண்மணியின் துவாரம் வழியாக முன்னறைக்கு வந்து, இரத்தக் குழாய் இல்லாத கருவிழிக்கும் வில்லைக்கும் ஆகாரம் ஊட்டிவிட்டு, கருவிழியும் அதன் பின்னாலுள்ள நிறத்திரையும் சந்திக்கும் கோணத்தில் சல்லடைபோல் அமைந்த வடிகாலின் வழியே அது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வரத்தும் போக்கும் ஒத்திருக்கும்வரை ஏரியின் நீர்மட்டம் மாறாதிருப்பதும், கலிங்கு தூர்ந்துவிட்டால் மழை அளவாகவே பெய்தாலும் கரைக்கு ஆபத்து நேர்வதும் நாம் அறிந்தவை. கண்ணின் நிலையும் அதுவே. சாதாரணமாகக் கண்ணின் உள்ளழுத்தம் 10 முதல் 21 பாதரச மில்லிமீட்டர் வரை இருக்கும். வடிகால் தேய்ந்து அடைபடும்போது அது 25 ஆகவோ 30 ஆகவோ உயர்ந்து, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது.

உயர்ந்த அழுத்தம் கண்கோளத்தின் எல்லாப் பக்கத்தையும் ஒரேயளவாகத் தாக்கினாலும், சேதம் நேர்வது அதன் பலவீனமான இடத்தில்தான். விழித்திரையில் பரவியுள்ள பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பு நார்கள் ஒன்றுதிரண்டு, பார்வை நரம்பாகக் கண்ணைவிட்டு மூளைக்குப் புறப்படுகிற வாசலே அந்த இடம். அங்கே நார்கள் நசுங்குகின்றன, அவற்றுக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது, ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிந்த நார் மீண்டும் தளிர்ப்பதில்லை. சிலருடைய நரம்பு 28 மில்லிமீட்டர் அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொள்கிறது. வேறு சிலருக்கோ அழுத்தம் 16 இருக்கும்போதே நரம்பு கெடுகிறது. ஆகவே அழுத்தத்தை அளந்து எண்ணைக் குறித்துக்கொள்வதோடு பரிசோதனை முடிந்துவிடுவதில்லை. நரம்பையே கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இத்தனை நாசம் நடந்தும் நோயாளிக்கு ஏன் தெரிவதில்லை? முதலாவது, நாம் எதையேனும் உற்று நோக்கும்போது பயன்படுகிற நடுப்பார்வையை இந்நோய் கடைசிவரையில் பெரும்பாலும் தொடுவதில்லை. ஓரப்பார்வையிலும் பக்கப்பார்வையிலும்தான் முதலில் கை வைக்கிறது. இரண்டாவது, ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மற்றொரு கண்ணின் பார்வை மூடிவிடுகிறது. மூன்றாவதாக, மிகவும் ஆச்சரியமானது: பார்வை போன இடம் கறுப்பாகத் தோன்றுவதே இல்லை. அக்கம்பக்கத்தில் தெரிகிற சுவரையும் வானத்தையும் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுவதால், அங்கே ஒரு பள்ளம் இருப்பதாக மனத்துக்குப் படுவதில்லை. அந்த இடத்தில் இருந்த மனிதரோ மாட்டுவண்டியோ மட்டும் காட்சியிலிருந்து காணாமற்போகிறது. படியிறங்கும்போது கால் தவறுதல், பக்கத்தில் வந்த சைக்கிளைக் கவனியாமல் குறுக்கே போய்விடுதல், மேசைமேல் வைத்த டம்ளரைக் கை தட்டிவிடுதல் ஆகியவற்றை வயோதிகத்தின் தடுமாற்றம் என்றே வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். ஒருவர் தாமாகவே குறையை உணர்ந்து வருகிறபோது, நரம்பில் பெரும்பகுதி அழிந்திருக்கக் காண்பது கண் வைத்தியர்களின் அன்றாட அனுபவம்.

இந்த நோயின் இருப்பிடத்தை மனிதன் கண்டதே சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்புதான். 1851-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதனின் கண்மணிக்குள் ஒளியைச் செலுத்தி விழித்திரையை நேரில் காணும் கருவியைப் பற்றி நூல் வெளியிட்டார். அதற்கு முன் கண்ணின் உட்புறம் என்பது பிரேதப் பரிசோதனையில் மாத்திரம் தெரியவந்த பிரதேசம். புதிய கருவியைக் கையிலெடுத்துக்கொண்டு கிளாக்கோமா நோயாளிகளின் கண்ணுக்குள் பார்த்தவர்களில் பெர்லின் நகரத்து இளம் வைத்தியர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே முக்கியமானவர். நரம்பின் வாசலில் ஏதோ உருமாற்றம் இருப்பதைக் கண்டுகொண்ட அவர், ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவியில் மேடும் பள்ளமும் எளிதில் பிரித்தறிய முடியாதவை ஆதலால், அழுத்தத்தால் உள்வாங்கிக் குழிந்திருந்த நரம்பு முகத்தை வீங்கிப் புடைத்திருப்பதாகவே முதலில் வர்ணித்துவிட்டார். பின்பு உண்மை தெரிந்ததும் அதைத் திருத்தி உரைத்தார். அந்தக் குழிவே இன்றளவும் இந்நோயின் முத்திரை. 1857-ல் நிறத்திரையில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்தால் அழுத்தம் தணிகிறதென்றும் அவர் காட்டினார். அதுவரை தீராதது என்று கைவிடப்பட்ட நோய் ஒன்றுக்குச் சஸ்திர சிகிச்சையால் பயனுண்டு என்பதை நிலைநாட்டிய அவர், 42 வயதிலேயே மறைந்தார்.

ஆயினும் கிரேஃபேயின் சிகிச்சை எல்லாருக்கும் பலிக்கவில்லை. வடிகாலின் வாயை நிறத்திரை வந்து மூடிக்கொள்ளும் வகையில் அது அற்புதமாகப் பலித்தது. வாய் திறந்தே இருந்து, சல்லடை மட்டும் உள்ளே தேய்ந்துபோகும் மற்றொரு வகையில் பலிக்கவில்லை. இந்த இரண்டாம் வகைக்கு ஒரு வழி பிறந்ததில் நம் சென்னைக்குப் பங்குண்டு என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரி தோன்றிய பதினான்காம் ஆண்டில், 1819-ல், சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது; அதுவே பின்பு எழும்பூர் அரசினர் கண் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்னும் ராணுவ வைத்தியர், கருவிழியும் வெண்விழியும் கூடும் விளிம்பில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள குழல் வடிவக் கத்தியால் ஒரு வட்டத் துவாரம் இட்டு, வெண்விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை அதன்மேல் மூடிவிடும் முறையை 1909-ல் வெளியிட்டார். அடைபட்ட வடிகாலைச் செப்பனிட முயலாமல் புதிதாக ஒரு கால்வாய் வெட்டிவிடுவதே அவருடைய யுக்தி. உள்ளே தேங்கிய நீர் சவ்வின் அடியில் கசிந்து சிறு கொப்புளமாய்த் தங்கி, அங்கிருந்து உறிஞ்சப்பட்டுவிடும். எழும்பூரில் தாம் செய்த எண்ணற்ற சிகிச்சைகளின் விவரங்களைத் திரட்டி 1913-ல் அவர் தனி நூலாகவே வெளியிட, உலகமெங்கும் அது கையாளப்பட்டது. கொப்புளத்தின் மேற்சவ்வு மெலிந்து, பல ஆண்டுகள் சென்றபின் அதன் வழியாகக் கிருமி புகுவது அம்முறையின் பெருங்குறை. 1968-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கெய்ர்ன்ஸ் என்பவர், துவாரத்தின்மேல் வெண்விழியின் பாதிக் கனமுள்ள ஒரு மூடியை வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் செய்யப்படுவது அதுவே. எழும்பூரிலுள்ள கண் மருத்துவப் பள்ளி எலியட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி, இன்றைய பரிசோதனை எவ்வாறு நடைபெறுகிறதென்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். உறவினரான ஒரு மூதாட்டியாருடன் சென்றபோது இவையெல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வாய்த்தது. அவர் கண்ணில் மரத்துப்போகும் மருந்து ஒரு சொட்டும், மஞ்சள் சாயமும் இடப்பட்டன. தாடையைத் தாங்கியிலும் நெற்றியைப் பட்டையிலும் பதித்து அவர் உட்கார்ந்தார். நீல ஒளி வீசும் ஒரு சிறு முனை மெல்ல முன்னேறி வந்து கருவிழியைத் தொட்டது. அவருக்கு அது தொட்டதே தெரியவில்லை. வைத்தியர் கண் வைத்துப் பார்க்கும் குழாயிலோ இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரிகின்றன. பக்கத்திலுள்ள திருகைத் திருப்பத் திருப்ப அவை நகர்ந்து, ஒன்றின் உள்விளிம்பு மற்றொன்றின் உள்விளிம்பைத் தொடுகிற கணத்தில் திருகு காட்டும் எண்ணே கண்ணின் அழுத்தம். கருவிழி இயல்பாகவே மெலிந்தவர்களுக்கு இந்த எண் உண்மையைவிடக் குறைத்தும், தடித்தவர்களுக்குக் கூட்டியும் காட்டுமாதலால் கருவிழியின் கனத்தையும் அளந்துகொள்கிறார்கள். பின்பு, உள்ளே கண்ணாடிகள் பதித்த ஒரு வில்லையைக் கண்மேல் வைத்து, வடிகால் இருக்கும் கோணம் திறந்துள்ளதா, மூடிக்கொள்ளும் நிலையில் உள்ளதா என்று நான்கு திசையிலும் நோக்குகிறார்கள். நேரே பார்த்தால் இக்கோணம் ஒருபோதும் தெரியாது. அவசரத்தில் இந்தச் சோதனையை விட்டுவிடுகிற இடங்களும் உண்டு. அதனால் நோயின் வகை தெரியாமலே மருந்து எழுதப்பட்டுவிடுகிறது.

அடுத்தது இருட்டறையில் நடக்கும் பார்வைப் புலச் சோதனை. டென்மார்க்கைச் சேர்ந்த யான்னிக் பியெரும் என்பவர் 1889-ல் தம் அறைக் கதவின் பின்புறத்தையே திரையாகக் கொண்டு, ஒரு கோலின் நுனியில் சிறு வெள்ளைப் பொருளை நகர்த்தி நகர்த்தி, நோயாளியின் பார்வையில் வில்போல் வளைந்து கிடக்கும் குருட்டுப் பிரதேசங்களை வரைந்து காட்டினார். அந்தக் கதவின் ஸ்தானத்தில் இன்று பெரிய வெண்கிண்ணம்போன்ற இயந்திரம் இருக்கிறது. ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, “அம்மா, நடுவில இருக்கிற மஞ்சள் வெளிச்சத்தை மட்டும் பாருங்க. அங்கங்க சின்னதா வெளிச்சம் வரும். தெரிஞ்சா அமுக்குங்க, தெரியலைன்னா விட்டுடுங்க. தேடாதீங்க” என்றாள் அங்கிருந்த பெண். மூதாட்டியார் சில நிமிஷங்களிலேயே பரிதவித்துப்போய், “எனக்குப் பாதிதாம்மா தெரியுது, கண்ணு போயிடுச்சோ?” என்று கேட்டார். “எல்லாருக்கும் பாதிதாம்மா தெரியும். மிஷினே அப்படித்தான் கேக்கும்” என்று அவள் சொன்ன பதிலில் உண்மை இருந்தது. காணக்கூடிய ஒளிக்கும் காணவொண்ணாத ஒளிக்கும் எல்லை எங்கே என்பதைத் துருவுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. ஆதலால் பழுதற்ற கண்ணுக்கும் தெரியாத மங்கலான புள்ளிகளை அது வேண்டுமென்றே இடையிடையே காட்டுகிறது. இதனை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் கலங்காமல் உட்கார்ந்து சரியாகச் செய்வார்கள். முதல்முறை செய்யும் சோதனை பெரும்பாலும் சுமாராகவே அமையும். இரண்டு மூன்று முறை செய்தபிறகே நம்பத்தக்க வரைபடம் கிடைக்கும்.

நரம்பு நார்களில் கால் பங்கோ அதற்கு மேலோ அழிந்த பின்னரே இந்த வரைபடத்தில் குறை புலப்படத் தொடங்குகிறது. ஆகவே அதற்கும் முந்திக்கொள்வதற்காக, ஒளியலைகளைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படக்கருவி 1991-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, இன்று நம் ஜில்லாத் தலைநகரங்களிலும் காணக்கிடைக்கிறது. நார்களின் கனத்தை மைக்ரான் கணக்கில் அது அளக்கிறது. அளந்த எண்ணைச் சிவப்பு, பச்சை வர்ணங்களில் அச்சிட்டுக் கொடுப்பதால், சிவப்பைக் கண்டதும் நோய் என்று முடிவுகட்டுவோரும் உண்டு. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு நோயில்லாமலே சிவப்பு வருவதுண்டு என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

வலியின்றி வளரும் இந்நோயின் மௌனத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கோணம் குறுகிய கண்களில், மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது நிறத்திரை மடிந்து வடிகாலை ஒரேயடியாக அடைத்துவிடுவதுண்டு. சில மணி நேரத்துக்குள் அழுத்தம் 50, 60 என்று ஏறி, கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையங்கள் தோன்றி, ஒரு பக்கத் தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தியும் எடுக்கிறது. வாந்தியைக் கண்டு வயிற்றுக்கும், தலைவலியைக் கண்டு ஒற்றைத் தலைவலிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கண் போய்விடுகிறது. ஆசிய நாட்டினரிடமும், பெண்களிடமும், சிறிய கண்ணும் தூரப்பார்வையும் உள்ளவர்களிடமும் இது அதிகம். தலைவலி, வாந்தியோடு ஒரு கண் மட்டும் சிவந்து மங்கினால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். மருந்தால் அழுத்தத்தைத் தணித்தபின், லேசர் கதிரால் நிறத்திரையில் ஊசித்துவாரம் ஒன்று இட்டு நீருக்கு மாற்று வழி செய்கிறார்கள். நோய் வராத மற்றக் கண்ணுக்கும் முன்னெச்சரிக்கையாக அதையே செய்கிறார்கள்.

சிகிச்சை எதுவானாலும் அதன் நோக்கம் ஒன்றுதான்: அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சியுள்ள நரம்பைக் காப்பது. போன பார்வையைத் திருப்பித் தரும் மருந்தோ சஸ்திரமோ இதுகாறும் இல்லை. ஸ்வீடன் நாட்டில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்றில், ஒவ்வொரு மில்லிமீட்டர் அழுத்தம் குறையக் குறைய நோய் முற்றும் அபாயம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டார்கள். 1870-களில் கலபார் அவரையிலிருந்தும் பிரேசில் நாட்டுச் செடியொன்றிலிருந்தும் எடுத்த சத்துகளே முதல் சொட்டு மருந்துகள். அவை கண்மணியைக் குறுக்கிப் பார்வையை மங்கச் செய்தமையால் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1978 முதல் டிமோலால் புழக்கத்துக்கு வந்தது. அது நீர் ஊறுவதைக் குறைப்பது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகவே கண் வைத்தியரிடமும் மூச்சிரைப்பு உண்டென்பதை அவசியம் சொல்ல வேண்டும். 1996-ல் வந்த லாட்டனோபிராஸ்ட் இரவில் ஒரு சொட்டு இட்டாலே போதுமானது. நீர் வடிவதை அது அதிகப்படுத்துகிறது. கண்ணிமை மயிர் நீள்வதும், இமைத் தோல் சற்றுக் கறுப்பதும் அதன் பக்க விளைவுகள்.

சொட்டு இடுவதற்கும் ஒரு முறை உண்டு. கீழிமையை இழுத்து, அதிலுண்டாகும் குழியில் ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொண்டால், மருந்து தொண்டைக்கும் இரத்தத்துக்கும் இறங்காமல் கண்ணிலேயே தங்கும். இரண்டு வித மருந்தானால் நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். கை நடுங்குகிற முதியோருக்கு வீட்டிலுள்ள மகளோ மருமகளோ பேரனோ இதைச் செய்தாக வேண்டும். மருந்து போட்டும் பார்வை கூடவில்லையே என்று ஆறாம் மாதம் நிறுத்திவிடுவோர் பலர். கூடாவிட்டாலும் குறையாமலிருப்பதே இங்கே வெற்றி என்பதை மருந்து எழுதிக்கொடுக்கும் வைத்தியர் வாய்விட்டு விளக்கினால்தான் அவர்களுக்கு விளங்கும். மருந்தின் தொல்லையும் செலவும் தாங்காதவர்களுக்கு வடிகாலின்மேல் லேசர் பாய்ச்சும் சிகிச்சை இருக்கிறது. பிரிட்டனில் அதனையே முதல் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 74 பேர் சொட்டு மருந்தின்றியே அழுத்தம் அடங்கி இருந்தனர். இவற்றுக்கும் கட்டுப்படாதவர்களுக்கே சஸ்திரம்.

மருந்துக் கடைகளில் நடக்கும் ஒரு காரியத்தை இங்கே சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. கண் அரிக்கிறது, சிவந்திருக்கிறது என்று போய்க் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கப்படும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. ஒரே நாளில் சிவப்பு மாறி அரிப்பு அடங்கிவிடுவதால், பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கி மாதக்கணக்கில் போடுகிறார்கள். கோடைதோறும் கண் அரிப்பால் அவதியுறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாய்மார்களே போட்டுவிடுகிறார்கள். வடிகாலை அடைத்து அழுத்தத்தை ஏற்றும் குணம் அந்த மருந்துக்கு உண்டு. பதினான்கு வயதுப் பையன் நரம்பு முற்றும் குழிந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும்போது, அவனுக்கு வந்த நோய் மனிதர் கையால் வந்தது. வைத்தியர் எழுதிய நாட்களுக்குமேல் ஒரு நாள்கூட இம்மருந்தை இடலாகாது.

2000-க்குப் பிறகு சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த வைத்தியர்கள், சென்னை நகரத்திலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் ஜில்லாக்களின் கிராமங்களிலும் 40 வயது கடந்தவர்களை ஆயிரக்கணக்கில் பரிசோதித்தார்கள். திறந்த கோண வகை நோய் மட்டும் கிராமத்தில் நூற்றுக்கு 1.62 பேருக்கும், நகரத்தில் 3.51 பேருக்கும் இருந்தது. நோய் இருப்பதாகத் தெரியவந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேலானவர்கள், அந்தச் சோதனை நடந்த நாள்வரையில் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். கிராமம் நகரம் இரண்டிலும் நிலைமை இதுவே; ஆஸ்பத்திரிகள் நிறைந்த சென்னை நகரமும் இதில் விதிவிலக்கன்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துக் கண்ணாடி மாற்றிக்கொள்வதையே கண் பரிசோதனை என்று நாம் கருதிவருவது இதற்கொரு காரணம் என்பது என் அபிப்பிராயம். நாற்பது வயதானவர்கள், கண்ணாடி மாற்றப் போகும் சமயத்திலேனும் கண்மணியை விரித்து நரம்பைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் விழித்திரையின் பொருட்டும் வருஷந்தோறும் இதைச் செய்துகொள்ள வேண்டியவர்களே.

எல்லாரையும் விட முதலில் வரவேண்டியவர்கள், நோய் கண்டவரின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும். இந்நோய் குடும்பவழி வருவது. மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். சீட்டில் மருந்தை எழுதி முடித்ததும், “உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எத்தனை பேர்? எல்லாரையும் ஒருமுறை அழைத்து வாருங்கள்” என்று கேட்கிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் உடன்சென்ற மூதாட்டியாரிடமும் அவ்வாறே கேட்டார்கள். அவருடைய தங்கை ஒருவரும் தம்பியர் இருவரும் அடுத்த மாதம் வந்தனர். மூவரும் தமக்குப் பார்வை நன்றாகத் தெரிவதாகவே சொன்னார்கள். தம்பியருள் மூத்தவருக்கு இடக்கண்ணில் அழுத்தம் 27 இருந்தது. நரம்பு சற்றே குழிந்திருந்தது. புல வரைபடத்தில் இன்னும் குறையொன்றும் விழவில்லை. அவருக்கு அன்றிரவே சொட்டு மருந்து தொடங்கப்பட்டது.